விடியற்காலைக் கணக்கு

வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் விடியற்காலையில் எழும்புகிறவர்கள் என்ற பேச்சு கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பொய்யில்லை என்பதுதான் தொந்தரவு. பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலர் நடத்தும் வட்ஸ்அப் குழுவொன்றில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஒரு குரல்பதிவு வந்து விழும். பேசுகிறவர் சென்னைக்காரரா கோயம்புத்தூர்க்காரரா தெரியாது, கணீரென்ற குரல். ஐந்து மணிக்கு எழு. அன்றைய வேலையை முதல்நாளே திட்டமிடு. நிமிஷத்தை வீணாக்காதே. வருமானத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வை. துணிந்து இறங்கு. தோற்றவர்களோடு சகவாசம் வைக்காதே. கேட்கக் கேட்க, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து விடியல்தான் எனக்கு ஞாபகம் வரும். நாலரை மணிக்கெல்லாம் அடுப்பு மூண்டுவிடும். விறகு ஈரமாக இருந்தால் புகை, தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாக அடுத்த காம்பராவுக்குப் போகும். அங்கே இருமல் கேட்டால் அவர்களும் எழும்பியாயிற்று. கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு பொட்டலம், மலைக்குப் போகிற தனக்கு ஒரு பொட்டலம், போத்தலில் சாயத் தேத்தண்ணி, கைப்பிள்ளையைத் துணியில் சுற்றிப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பேர் பதியும் பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது, நாட்கூலி போய்விடும். எந்த மலை, எந்த நிரை, எத்தனை கிலோ எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டாயிற்று. பறித்த கொழுந்து ஒரு நாளில் இரண்டு மூன்று தரம் தராசில் ஏறுகிறது. இதைவிடக் கறாராக நேரத்தையும் வேலையையும் அளந்து வாழ்கிறவர்களை எந்தப் பயிற்சியாளரும் உருவாக்கிவிட முடியாது. ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி ஒருத்தரிடம், பேரன் தன் போனில் இந்தக் குரலைப் போட்டுக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “எந்திரிக்கிறதுக்கு யாராச்சும் சொல்லிக் குடுக்கணுமாப்பா நமக்கு? எந்திரிக்காம கெடக்க ஒரு வழி இருந்தா அதச் சொல்லச் சொல்லு” என்றார். பேரன் சிரித்தான். பாட்டி சிரிக்கவில்லை.

விடியலில் எழும்புவதும் உடம்பைப் பேணுவதும் வீண் செலவைக் குறைப்பதும் நல்ல காரியங்கள். அவற்றைக் கிண்டல் செய்து சோம்பலுக்குக் கொடி பிடிப்பது என் உத்தேசமல்ல. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலை வாசித்துவிட்டுத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிப்போய் நன்றாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். புத்தகம் அவர்களுக்குக் கொடுத்த நிமிர்வைக் குறைத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. பழக்கம்தான் மூலதனம் என்றால், தலைமுறை தலைமுறையாக அதைச் சேர்த்தவர்களிடம் அது எங்கே போயிற்று? ரொபின் சர்மா 2018-இல் எழுதிய, உலகமெங்கும் விற்ற ‘தி 5 ஏஎம் கிளப்’ என்ற புத்தகத்தில், ஒரு பெரும் பணக்காரர் விடியலில் எழும்பும் வித்தையைத் தன் சீடர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது மொரீசியஸ் தீவில். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களையும் பீகாரிகளையும் கப்பல் கப்பலாக இறக்கிய அதே தீவு. அந்தக் கரையில் அவர்கள் எத்தனை மணிக்கு எழுப்பப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் வேலை இல்லை. எழுதியவரைக் குறை சொல்லவில்லை. வெயிலும் கடலும் அழகாக இருந்திருக்கும்.

கணக்கு எங்கே உதைக்கிறது என்று பின்னால் போனால் கங்காணியிடம் போய் நிற்கிறேன். பெரியங்கங்காணி என்பவர் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போய்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர், அந்தக் கடனைத் தன் கையிலேயே வைத்திருந்தவர், காலையில் ஆட்களை மலைக்கு இறக்கியவர். அவருடைய வருமானத்தில் ஒரு பகுதி தலைக்காசு. அவருடைய ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் தோட்டம் அவருக்குக் கொடுத்த சில்லறை அது. இதை முதன்முதலில் வாசித்தபோது சாதாரணத் தகவலாகக் கடந்துபோனேன். இப்போது அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு கூட்டமே விடியலில் எழும்பிய பழக்கம் ஒருவருடைய பெட்டியில் பணமாகச் சேர்ந்திருக்கிறது. அவரவர் எழும்பியதற்கு அவரவருக்கு நாட்கூலி. எல்லாரும் எழும்பியதற்கு அவருக்கு முதல். கங்காணியை வில்லனாக்கிவிட்டுக் கையைக் கழுவுகிற சுகம் எழுதுகிறவனுக்கு எளிதாக வரும். அதை ஒத்திவைக்கத்தான் வேண்டும். அவரும் தன் ஆட்களைப் போலவே பஞ்சத்தில் கிளம்பி அதே காட்டுப்பாதையில் நடந்து வந்தவராக இருக்கலாம். கூலியாக வந்து, கங்காணியாகி, பின்னர் இறம்பொடையில் வெவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கிய கருப்பையா தொண்டமானின் கதை மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார். அவருக்குத் துணிச்சலும் கூர்மையும் இல்லை என்று யார் சொல்ல முடியும்? மற்றவர்களிடம் இல்லாத பழக்கம் அவரிடம் இருந்ததா, மற்றவர்களின் பழக்கம் அவருடைய கணக்கில் வந்து விழுகிற ஏற்பாடு இருந்ததா என்று கேட்டால், இரண்டும் இருந்தன என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குரல்பதிவு முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறது.

ஊவாவில் இந்த யோசனை எந்தப் பக்கம் சுற்றினாலும் ஹப்புத்தளைக்கு மேலே, தம்பேத்தன்ன தோட்டத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும் தோமஸ் லிப்டனிடம் வந்து முட்டும். லிப்டன்ஸ் சீட் என்று சொல்லி வெளிநாட்டுக்காரர்கள் விடியலில் ஆட்டோ பிடித்து ஏறும் இடம். கனவான் மாதிரி உட்கார வைத்திருக்கும் சிலைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்வார்கள். பனி விலகினால் தென்கடல் வரைக்கும் தெரியும் என்பார்கள். எனக்குப் பெரும்பாலும் பனிதான் வாய்த்திருக்கிறது. பக்கத்துக் கடையில் சுடச்சுட ரொட்டியும் தேத்தண்ணியும் கிடைக்கும். கீழே 1890-இல் எழும்பிய தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, இன்றும் ஓடுகிறது. காற்று நம் பக்கம் திரும்பினால் வாடிய கொழுந்தின் மணம், கொஞ்சம் பச்சையும் கொஞ்சம் புளிப்புமாக, மேலே வரும். லிப்டனுடைய வாழ்க்கை தொழில் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லப்படும் கதைகளிலெல்லாம் தலைசிறந்தது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடிக் கிளாஸ்கோவுக்கு வந்த குடும்பம். தகப்பனுக்கு வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி விற்கும் சின்னக் கடை. பையன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கப்பலில் எடுபிடியாகி, பதின்ம வயதிலேயே அமெரிக்கா போனான். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெற்பண்ணையில் கணக்கு வேலை, வீடு வீடாகப் போய் விற்பனை, கடைசியில் நியூயோர்க்கில் ஒரு மளிகைக் கடை. அங்கே பொருளை எப்படி அடுக்குகிறார்கள், வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துப் படித்துக்கொண்டு ஊர் திரும்பி, 1871-இல் சொந்தக் கடை போட்டான். அப்புறம் ஊர் ஊராகக் கடைகள். 1890-இல் இலங்கைக்கு வந்தபோது, கோப்பி நோயில் நொடித்துப்போயிருந்த நாட்டில் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. வாங்கினார். தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் காலத்தில், நிறுத்துப் பொட்டலம் கட்டி, பெயரை அச்சடித்து, இறாத்தல் 1 சிலிங் 7 பென்சுக்குக் கொடுத்தார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்று விளம்பரம். அவர் கடைகளில் விற்ற தேயிலையில் பெரும்பங்கு அவருடைய தோட்டங்களில் விளைந்ததல்ல என்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வியாபார யோசனை என்றால் இதுதான். 1898-இல் சேர் பட்டமும் வந்தது.

இந்தக் கதையில் என்னைத் தடுத்து நிறுத்துவது அமெரிக்காப் பக்கம். லிப்டனும் தோட்டத்தில் வேலை செய்தவர். வர்ஜீனியா பிடிக்கவில்லை, போய்விட்டார். தென் கரோலினா போதவில்லை, அதையும் விட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு தரம் விட்டுப்போனபோதும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார். அவர் விலைக்கு வாங்கிய தம்பேத்தன்னவில், அதே 1890-இல், ஒரு தொழிலாளிக்கு இந்தத் தோட்டம் பிடிக்கவில்லை என்று வையுங்கள். 1865-ஆம் ஆண்டுச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி அவர் சொல்லாமல் கிளம்பிப்போனால் அது தண்டனைக்குரிய குற்றம். சொல்லிக்கொண்டு போகலாமென்றால் துண்டு வேண்டும்: இன்ன கங்காணியின் ஆட்கள், இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டம் இவர்களைக் கூட்டிப்போகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கடன் கூடக்கூட ஆளின் விலையும் கூடும். அந்த முறை ஒழிந்தது 1921-இல்தான். பதுளைக்கு ரயில் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு. சுயமுயற்சியைப் பற்றிய புத்தகங்களுக்கு முன்னோடியான சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘செல்ஃப் ஹெல்ப்’ வெளிவந்தது 1859-இல். ஸ்மைல்ஸ் ஸ்கொட்லாந்துக்காரர், இந்த மலைகளைத் திறந்த துரைமாரில் ஏராளமானோரும் அப்படியே. உழைப்பால் உயரலாம் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பியிருப்பார்கள். அவர்களுடைய விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது. பஞ்சத்தில் கிளம்பிய இரண்டு குடும்பங்கள், ஒன்று அயர்லாந்திலிருந்து, ஒன்று திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து. இரண்டுக்கும் பசி ஒன்றுதான், விடியலும் ஒன்றுதான். ஒருவனுக்கு வேலையை விட்டுப் போக முடிந்தது. அந்த ஒரு வித்தியாசத்தை எந்தத் தினசரிப் பழக்கத்தின் கீழ் எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

பழைய கதை, இப்போது அப்படியா என்று கேட்பீர்கள். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தின் முன்காம்பராவிலேயே கடை வைத்திருக்கும் ஓர் அக்காவைத் தெரியும். பலகைத் தட்டு இரண்டு, சவுக்காரம், தீப்பெட்டி, மா, நூறு நூறு கிராமாகக் கட்டிய சீனி, நெத்திலிக் கருவாடு, சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூப் பைக்கட்டுகள், போனுக்கு ரீலோட். கல்லாப்பெட்டி பழைய பிஸ்கட் டின். அவருடைய மூலதனம் அந்த டின்னில் இல்லை, பக்கத்தில் கிடக்கும் எண்ணெய் படிந்த கொப்பியில் இருக்கிறது. அதில் பெயர்கள் கிடையாது. மேல்லயத்துச் சித்தி, டிரைவர் மாமா, கோயில் வீட்டு அண்ணன், பெரியம்மா மருமகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். சம்பளம் பத்தாம் திகதி வாக்கில். அன்றைக்குச் சாயங்காலம் கொப்பி திறக்கும். அதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரியும். யாருக்கு இந்த மாதம் எத்தனை பேர், யாருக்கு எத்தனை அரைப்பேர் என்கிற அரைநாட்கூலி, சம்பளச் சீட்டில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை எல்லாம் கழிந்து கைக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்காகச் சொல்லுவார். அதற்கேற்பக் கடனின் எல்லையைக் கூட்டுவார், குறைப்பார். ஆடி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கையை இறுக்கிவிடுவார். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுக்கும் காற்று அது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில் கொழுந்து சுருங்கி, அதன் சாறு இறுகி, வேறெங்கும் வராத ஒரு வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கேட்கும் காலம். அதே காற்றில் செடி துளிர்ப்பது குறையும், பறிக்கிறவளுக்குக் கிலோ எட்டாது, அரைப்பேர் கூடும். ஏலத்தில் விலை ஏறும்போது இந்தக் கொப்பியில் கடன் ஏறும். தேயிலைச் சந்தையைப் பற்றி இதைவிடத் துல்லியமான அறிவு யாரிடம் இருக்கிறது? இந்த அக்காவுக்கு வியாபார சிந்தனை ஊட்டுவதற்குச் செயலமர்வு என்று தொண்டு நிறுவனங்களும் வங்கிகளும் ஆள் அனுப்புகின்றன.

கொப்பியை இன்னும் கொஞ்சம் புரட்டினால், வெற்றிச் சூத்திரங்கள் ஒவ்வொன்றாக அதில் இடறி விழுவதைப் பார்க்கலாம். தோற்றவர்களோடு சகவாசம் வேண்டாம் என்கிறது குரல்பதிவு. லயத்தில் சகவாசத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். குடிகாரச் சித்தப்பாவின் இருமலும் இந்தப் பக்கம் கேட்கும், அவர் மகள் பரீட்சைக்குப் படிக்கும் சத்தமும் கேட்கும். சாவு விழுந்தால் கடையிலிருந்து சீனியும் தேயிலையும் போகும். அந்தக் கணக்கைக் கேட்க நாள் பார்க்க வேண்டும், சில கணக்கைக் கேட்கவே முடியாது. உறவு முறை சொல்லிக் கடன் கேட்கிறவர்களிடம் கறாராக இருக்கப் பழகுங்கள் என்று செயலமர்வில் சொன்னார்களாம். அக்கா அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கறாரா இருந்தா எங்கிட்ட எதுக்கு வாங்குறாங்க? டவுனுக்குப் போயிருவாங்களே” என்றார். உறவு அவருக்குச் சுமையாகவும் இருக்கிறது, வாடிக்கையாகவும் இருக்கிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். நான் இதை அழகான விஷயமாக்கப் பார்க்கவில்லை. வசூலாகாத பக்கங்கள் அந்தக் கொப்பியில் நிறைய. சாராயத்துக்குப் போன சம்பளத்தின் சுவடும் அதில் இருக்கிறது. ஒருமுறை அவரும் வாராவாரம் வந்து வசூலிக்கும் நுண்கடன் வாங்கி, கட்ட முடியாமல் காதுத் தோட்டை அடகு வைத்தார். வங்கிக்குப் போயிருக்கலாமே என்றேன். வங்கி பிணை கேட்கிறது. சரி, கடையைப் பதியலாமே என்றேன். வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போனால், கிராம சேவகரின் அறிக்கையோடு, கடை இருக்கும் இடம் யாருடையது, எந்த உரிமையில் அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு காகிதம் கேட்பார்கள். காம்பரா தோட்டத்துடையது. அவர் பிறந்தது அந்தக் காம்பராவில், தாய் பிறந்ததும் அதே லயத்தில். கேட்கிற காகிதம் மட்டும் இல்லை.

துணிந்து இறங்கு என்கிற அறிவுரைதான் எனக்கு மிகவும் சங்கடமானது. இழக்க எதுவும் இல்லாதவனுக்குத் துணிவது சுலபம் என்று வசதியானவர்கள் நினைக்கிறார்கள். நடப்பு நேர்மாறு. லிப்டனுக்கு முதல் கடை நட்டமாகியிருந்தால் தகப்பனின் கடைக்குத் திரும்பியிருப்பார். தோட்டத்தில் வேலையை விட்டுத் தொழில் தொடங்கி நொடித்தால், தோட்டத்தில் வேலை செய்கிறவர் வேறு யாரும் வீட்டில் இல்லாதபட்சத்தில், காம்பராவும் கேள்விக்குள்ளாகும். அதனால்தான் வீட்டுக்கு ஒருத்தர், பெரும்பாலும் தாய், பேர் போட்டுக்கொண்டே இருக்க, மகன் ஆட்டோவைத் தவணைக்கு எடுத்து எல்ல பக்கம் ஓட்டுகிறான். மகள் தையல் மெசின் வாங்குகிறாள். அவர்களுடைய துணிச்சலுக்கு அடியில் தாயின் முதுகு இருக்கிறது. ஆபத்து என்றால் என்னவென்று இந்த மலைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எங்கே போவது? சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருந்தவன் போயிருப்பான். எச்சரிக்கையைக் கேட்டு முடிவெடுக்கிற அதிகாரம் வீட்டில் இருந்தவர்களிடம் இல்லை.

வெற்றி பெற்ற மலையகத்தார் இல்லையா? இருக்கிறார்கள். பதுளைக் கடைவீதியிலும் பண்டாரவளையிலும் ஹட்டனிலும் வெள்ளவத்தையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் முதலாளிகளாக உட்கார்ந்திருக்கும் கடைகள் உண்டு. பதினைந்து வயதில் கொழும்புக் கடைக்கு அனுப்பப்பட்டு, சாக்குமூட்டை மேல் படுத்துறங்கி, வாடிக்கையைப் பிடித்து மேலே வந்தவர்கள். அவர்களோடு பேசியபோதெல்லாம் ஒரே ஒரு பழக்கம் மட்டும் எல்லாரிடமும் பொதுவாக இருப்பதைக் கவனித்தேன். அவர்கள் தோட்டத்தை விட்டுப் போயிருந்தார்கள். அங்கேயே இருந்து ஜெயித்தவர் என்று ஒருவரைச் சொல்லுங்கள் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு, விரலை மடக்க முடியாமல் இருக்கிறேன். ஓரிருவர் இருக்கலாம், அவர்களும் தோட்ட எல்லைக்கு வெளியே எப்படியோ ஒரு காணியை வாங்கிய பிறகு எழுந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று ஒரு சந்தேகம்.

இந்த இடத்தில்தான் கம்பனிகளின் புதிய பேச்சு வருகிறது. 1992-இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நாட்கூலி என்பதே காலாவதியான காலனித்துவ ஏற்பாடு, தொழிலாளியைத் தொழில்முனைவராக மாற்ற வேண்டும் என்று கம்பனிகள் சில காலமாகச் சொல்லி வருகின்றன. 2021-இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியபோதும், 2024-இல் அது 1,350 ஆனபோதும் அந்தக் குரல் ஓங்கி ஒலித்தது. அவுட்குரோவர் முறை என்கிறார்கள். செடிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குடும்பங்களிடம் ஒப்படைப்பது. அவர்களே புல் வெட்டி, உரம் போட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்தைக் கம்பனிக்கே கொடுக்க வேண்டியது. உரத்துக்கும் மருந்துக்கும் ஆன செலவைக் கழித்துக்கொண்டு கிலோவுக்கு விலை வரும். நான் இதை முழுக்கச் சூழ்ச்சி என்று எழுதிவிடத் தயாராக இல்லை. இந்த முறையில் செடி எடுத்திருக்கும் பெண்ணொருத்தியின் முகத்தில் பிரட்டுக்களத்தில் ஒருநாளும் பார்க்காத ஒரு தெளிவைப் பார்த்தேன். “நம்ம நேரத்துக்குப் போறோம், நம்ம நேரத்துக்கு வாறோம். கங்காணி பின்னாடி நிக்கிறதில்ல. இது எம் மலைன்னு ஒரு நெனப்பு வருது தம்பி” என்றார். பிறகு குரல் இறங்கி, “ஆனா வெலைய அவங்கதான போடுறாங்க” என்றார். முதல் வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இரண்டையும் அவர் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

பக்கத்துக் கிராமத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிங்களச் சிறுதோட்டக்காரரையும் பார்க்க வேண்டும். இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இந்தச் சிறுதோட்டக்காரர்களுடையது, கம்பனிகளுடையது அல்ல. அவரும் விடியலில்தான் எழும்புகிறார். அவருடைய கொழுந்துக்கு, ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் 68 வீதம் போக வேண்டும் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் லொறிக்காரன் கிலோவில் கை வைத்தால் மறுநாள் வேறு தொழிற்சாலையின் லொறிக்குக் கொடுப்பார். கையில் காணி உறுதி இருப்பதால் வங்கியில் கடன் கேட்பார். 2021-இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தபோது அவரும் அடிபட்டார். ஆனால் மறுபடி எழும்பக் காணி அங்கேயே இருந்தது. அவரைத் தொழில்முனைவர் என்று யாரும் அழைப்பதில்லை, அழைக்க வேண்டியதுமில்லை. தோட்டத்தில் செடி எடுத்திருப்பவருக்கு அந்த லொறியை மாற்றுகிற உரிமை இல்லை. விளைச்சல் குறைந்தால் நட்டம் அவருடையது, மழை பெய்யாவிட்டால் கவலை அவருடையது, நிலம் மட்டும் அவருடையதல்ல. கங்காணியின் பெட்டியிலிருந்து லிப்டனின் அமெரிக்கா வழியாக அக்காவின் கடை வரைக்கும் நான் சுற்றிச் சுற்றி வந்து முட்டுவது இந்த ஒரே கல்லில்தான். தொழில் செய்வது என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஆளிடம் போக முடிவது. அதைப் பழக்கத்தால் சம்பாதிக்க முடியுமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. காகிதத்தால் முடியும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்ய 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018-இல்தான் திருத்தப்பட்டது; அதுவரைக்கும் அக்காவின் கடைக்குப் போகிற பாதையைக்கூட அவர் வரி கட்டும் நாட்டின் உள்ளூராட்சி திருத்திப் போட முடியாமல் இருந்தது. வீடு கட்டும் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணி என்று கணக்குச் சொன்னார்கள். வீடு கட்டி முடிந்தும் உறுதி கைக்கு வராமல் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏழு பேர்ச்சஸில் தொழில் நடக்குமா என்பது அடுத்த கேள்வி. ஒரு கடை நடக்கும், ஒரு மாட்டுக்கொட்டில் நடக்கும், முக்கியமாக ஒரு விலாசம் கிடைக்கும்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கியபோதே பெறுமதி சேர்ப்பதுதான் தன் நோக்கம் என்றது. தேயிலைத் தொழில்நுட்பமும் தொழில்முனைவும் அங்கே பட்டப்படிப்புகள். கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் வங்கிகளும் தோட்டங்களுக்கு வந்து செயலமர்வு நடத்துவது இனியும் கூடும், கூடட்டும். கணக்கு வைப்பதும் பொதி செய்வதும் போனிலேயே விற்பதும் பிள்ளைகளுக்குப் பிரயோசனமானவை. வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வதற்கு இரண்டு விஷயம் இருக்கிறது. வேலை நாளில் வைக்காதீர்கள். உங்கள் கூட்டத்துக்கு வந்து உட்காரும் பெண்ணுக்கு அன்றைக்குப் பேர் விழாது, அன்றைய நாட்சம்பளம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அதுவும் துணி துவைத்து முடியும் நேரம் பார்த்து. இரண்டாவது, எழும்பும் நேரத்தைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு, அந்த ஒரு மணித்தியாலத்தில் பேசுவதற்குக் காணி உறுதியும் வியாபாரப் பதிவும் தெரிந்த ஒருவரைப் பிரதேச செயலகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள்.